சென்னைய விட்டு திருச்சிக்கு குடி வர்றீங்களா? மொதல்ல மேப்ப மூடி வச்சிட்டு இத படிங்க

திருச்சிக்கு மாறப் போறோம், எந்த ஏரியா நல்லா இருக்கும்னு சொந்தத்துல, பழைய ஆபீஸ்லன்னு யாராவது ஒருத்தர் அடிக்கடி கேட்டுட்டே இருக்காங்க. நான் பதிலுக்கு மூணு கேள்வி கேப்பேன். வேல எங்க, புள்ளைங்க ஸ்கூல் எங்க, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்க வாரா வாரம் எங்க போவாங்க. இந்த மூணும் தெரியாம திருச்சில ஏரியா சொல்லவே முடியாது, ஏன்னா இது ஒரே ஊர் இல்லீங்க, நாலஞ்சு ஊர ஒட்ட வச்சு கார்ப்பரேஷன்னு பேர் வச்சிருக்காங்க.

ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் ஒரு பக்கம், அது நெஜமாவே தீவு, இந்தப் பக்கம் காவேரி அந்தப் பக்கம் கொள்ளிடம். மலைக்கோட்டைய சுத்தி சத்திரம் பஸ் ஸ்டாண்ட், பெரிய கடை வீதி, காந்தி மார்க்கெட்னு பழைய டவுன் ஒண்ணு. ரயில்வே ஜங்ஷன், கண்டோன்மென்ட், புத்தூர், தில்லைநகர் இதெல்லாம் ஆபீஸ், ஆஸ்பத்திரி, டியூஷன் சென்டர் இருக்குற டவுன். ஏர்போர்ட் பக்கம் கே.கே.நகர், சுப்ரமணியபுரம். நடுவுல பொன்மலை, அது ரயில்வே காரங்க ராஜ்ஜியம். அப்புறம் கிழக்க தஞ்சாவூர் ரோட்ல காட்டூர், திருவெறும்பூர், பெல் (பி.எச்.இ.எல். கம்பெனி) டவுன்ஷிப், துவாக்குடி, என்.ஐ.டி. ஒவ்வொண்ணுக்கும் தனி பழக்கவழக்கம், தனி வாடகை, தனி தண்ணி பிரச்சனை. இதுங்களுக்கு நடுவுல போய் வர ஒரு பாலம், ஒரு ரவுண்டானா, ஒரு சிக்னல்னு கழுத்து மாதிரி ஒரு இடம் இருக்கும், காலைல எட்டரைலேர்ந்து பத்து வரைக்கும் எல்லாரும் அதுக்குள்ள தான் நுழையணும்.

சென்னைல இருந்து வர்றவங்களுக்கு இது புரிய டைம் ஆகும், ஏன்னா நமக்கு 20 கிலோமீட்டர்லாம் ஒரு தூரமா, வேளச்சேரில இருந்து அம்பத்தூர் போனவங்கதான நாம. இங்க ராத்திரி பத்து மணிக்கு வண்டி எடுத்தா ஊரோட இந்த முனைல இருந்து அந்த முனைக்கு சும்மா பறந்துடலாம், வீடு பாக்க வர்றவங்க பெரும்பாலும் ஞாயித்துக்கிழம மத்தியானம் வந்து ரோடு காலியா கெடக்குறத பாத்துட்டு ஆஹான்னு அட்வான்ஸ் குடுத்துடுவாங்க. திங்கக்கிழம காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவ அதே ரூட்ல போய் பாத்துட்டு அப்புறம் குடுங்க.

எங்க வீட்ல நடந்த கதைய சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்கு துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டைல வேல. எங்க மாமியாருக்கு ஸ்ரீரங்கத்துல தான் வீடு பாக்கணும், காலைல எந்திரிச்சா கோபுரம் தெரியணும். நாங்க வீடு தேடுன நேரத்துல சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல இருக்குற காவேரி பாலம், 1976ல கட்டுனது, ரிப்பேர் வேலைக்காக மூடி கெடந்துச்சு. 2022 கடைசில மூடி 2023 மார்ச்ல தான் திறந்தாங்க, அது வரைக்கும் காரு பஸ்ஸெல்லாம் ஓயாமரி பக்கமா சுத்தி பைபாஸ் பாலம் ஏறி சஞ்சீவி நகர் நெரிசல்ல சிக்கி தான் வந்துட்டு இருந்துச்சு. ஒரே ஒரு பாலம் மூடுனா பாதி ஊரோட டைம்டேபிளே மாறிடுதேன்னு அப்பவே தெரிஞ்சிது. மாமியார் விடல, "அதான் தொறந்துட்டாங்கல்ல"ன்னாங்க. அத்த, பாலம் தாண்டுனாலும் பால்பண்ணை சந்திப்பு நெரிசல் இருக்கு, அங்கேர்ந்து துவாக்குடி வரைக்கும் ரோடு இருக்குன்னு நான் உக்கார வச்சு விளக்குனேன். கடைசில காட்டூர் பக்கம் எடுத்தோம், அவங்களுக்கு மாசத்துல ரெண்டு சனிக்கிழம ஸ்ரீரங்கம்னு ஒப்பந்தம்.

தஞ்சாவூர் ரோட்ல வீடு எடுக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும். பால்பண்ணைல இருந்து துவாக்குடி வரைக்கும் பதினாலரை கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு கேட்டு ஜனங்க வருஷக்கணக்கா போராடிட்டு இருக்காங்க, நெலம் எடுக்குற பஞ்சாயத்துலயே அது இழுத்துட்டு கெடக்கு. அதனால தெருவுல இருந்து வெளிய வந்தா நேரா நேஷனல் ஹைவே தான், தஞ்சாவூர் பஸ் பறந்து வரும், எதிர்ல ராங் ரூட்ல டூவீலர் வரும். பையன தனியா சைக்கிள்ல ஸ்கூலுக்கு அனுப்புற ஆசைய நான் அன்னிக்கே மூட்ட கட்டிட்டேன், வேன் தான். அதே மாதிரி பெல், அத சுத்தி இருக்குற கம்பெனிங்க ஷிப்ட் விடுற நேரத்துல திருவெறும்பூர் கடைவீதி பக்கம் வேல வச்சிக்காதீங்க.

பேர் குழப்பம் ஒண்ணு இருக்கு, ஆட்டோல ஏறும் போது கவனம். டோல்கேட்னு சும்மா சொல்லக்கூடாது. டிவிஎஸ் டோல்கேட் ஊருக்குள்ள மன்னார்புரம் பக்கம், நம்பர் ஒன் டோல்கேட் கொள்ளிடம் தாண்டி சமயபுரம் போற வழில. நெஜமா சுங்கம் வாங்குற டோல் பிளாசா வேற தனியா இருக்கு.

வீடு தேடுற விஷயத்துக்கு வரேன், இதுல தான் நெறைய சொல்லணும்.

ஆப்ல வர்ற வீடு இங்க கொஞ்சம் தான், அதுவும் தில்லைநகர், கே.கே.நகர்னு பாத்து பாத்து சலிச்சு போன அதே வீடுங்க. நல்ல வீடெல்லாம் டு-லெட் போர்டு மாட்டுறதுக்கு முன்னாடியே போயிடும், அது மளிகக்கட அண்ணனுக்கும் அயர்ன் கடக்காரருக்கும் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு வீடு கெடச்சது பால் பூத் அக்கா மூலமா தான். புரோக்கர் ஒரு மாச வாடக கேப்பாரு, பேசுனா பாதிக்கு வருவாரு. சென்னைல பத்து மாசம் அட்வான்ஸ் குடுத்து பழகுனவங்களுக்கு இங்க கேக்குறது கொறச்சலா தெரியும், ஆனாலும் சட்டம் என்னன்னு தெரிஞ்சி வச்சிக்கோங்க, தமிழ்நாட்டோட 2017 வாடகை சட்டப்படி வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்காத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், பதிவும் பண்ணணும். எத்தன ஓனர் பதிவு பண்றாங்கன்னு கேக்காதீங்க, நீங்க கேட்டு வைங்க, கேட்டாலே கொஞ்சம் மரியாதையா பேசுவாங்க.

இன்னொண்ணு திருச்சிக்கே உரிய சமாச்சாரம். இந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, துபாய்ல இருப்பாங்க, ஏர்போர்ட்ல போய் பாருங்க, 2024ல புது டெர்மினல் தொறந்தப்புறம் கூட்டம் இன்னும் பளிச்சுனு தெரியுது. அதனால நெறைய வாடக வீட்டோட ஓனர் ஊர்லயே இருக்க மாட்டாரு. சாவி சித்தப்பாகிட்ட இருக்கும், வாடக தங்கச்சி அக்கவுன்ட்டுக்கு போகும், குழாய் ஒழுகுனா மச்சான்கிட்ட சொல்லணும், அட்வான்ஸ் திருப்பி கேட்டா மூணு பேரும் அவர்கிட்ட கேளுங்கன்னு வாட்ஸப் நம்பர் குடுப்பாங்க. எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் இந்த சுத்தல்ல தான் பாதி அட்வான்ஸ விட்டுட்டு போனாங்க. அக்ரிமென்ட் ஓனர் பேர்லயோ, இல்ல அவர் பவர் குடுத்த ஆள் பேர்லயோ போடுங்க, பவர் பத்திரத்த ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கோங்க. அட்வான்ஸ கையில குடுக்காதீங்க, பேங்க்ல போடுங்க.

மீட்டர பாருங்க. ஒரே மீட்டர்ல ரெண்டு வீடு ஓடுச்சுன்னா ஸ்லாப் ஏறிடும், ஒரு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ப்ரீங்குறதும் உங்களுக்கு வந்து சேராது, ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஒரு ரேட் சொல்லுவாரு, அத குடுத்துட்டு போவீங்க. தனி மீட்டர் இருக்குற வீடு ஆயிரம் ரூவா கூட இருந்தாலும் வெயில் காலத்துல கணக்கு சரியாயிடும்.

வெயில்னு சொன்னேன்ல, அது சாதாரணமா இல்ல. சென்னை வெயில் வேற, சாயங்காலம் கடக்காத்து வந்து காப்பாத்தும். இங்க மே மாசம் 40 டிகிரி தாண்டுறது சகஜம், ராத்திரி ஒம்பது மணிக்கு சுவத்துல கை வச்சா கொதிக்கும். மேல மொட்ட மாடி இருக்குற வீடு வேண்டவே வேண்டாம், வாடக கொறச்சு தரேன்னு சொல்லுவாங்க, அதுக்கு காரணம் அது தான். மேக்க பாத்த பெட்ரூமும் வேண்டாம். நாங்க பரிச்ச முடிஞ்சு ஏப்ரல் கடைசில சாமான் எறக்குனோம், வந்த மொத வாரமே ஏசி மெக்கானிக் நம்பர் தான் வேணுங்குற நெலம, அவரோ அக்னி நட்சத்திரம் முடியட்டும்மாங்குறாரு.

தண்ணிய பத்தி ரெண்டு கேள்வி கேக்கணும், குடிக்குறது காவேரி தண்ணியா போர் தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணி எத்தன மணிக்கு எவ்ளோ நேரம் வருது. காவேரி தண்ணி வர்ற தெருவுல இருக்குறவங்க கேன் வாங்குறதே கம்மி, அந்த ருசி பழகிட்டா சென்னைக்கு போனா தண்ணி எறங்காது. புதுசா வளந்த நகர்கள்ல போர் தண்ணி உப்பா இருக்கும், குழாய்ல வெள்ள வெள்ளயா படிஞ்சிருக்கான்னு பாத்ரூம் ஷவர பாத்தாலே தெரிஞ்சிடும், ஓனர் வாய பாக்க வேண்டாம்.

வர்ற தண்ணிய விட வரக்கூடாத தண்ணி முக்கியம். காவேரி கரை ஊர்னாலும் ஊருக்குள்ள வெள்ளம் கொண்டு வர்றது பெரும்பாலும் காவேரி இல்ல, கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் தான். வெயில் காலத்துல பாத்தா சாக்கடைன்னு நெனைப்பீங்க. 2005 நவம்பர்ல கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர், வயலூர் ரோடு, உறையூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, 2021லயும் சில இடத்துல திரும்ப வந்துச்சு. இப்ப கரைய ஒசத்தி இருக்காங்க, தூர் வாருறாங்க, இருந்தாலும் நீங்க பாக்குற தெருவுல ஒரு பழைய டீக்கடைல உக்காந்து, "அண்ணே, 2005ல இங்க எவ்ளோ ஒசரம் வந்துச்சு"ன்னு கேளுங்க. வந்துச்சான்னு கேட்டா அதெல்லாம் வராதும்பாங்க, எவ்ளோன்னு கேட்டா கைய காட்டி முட்டி வரைக்கும்மாம்பாங்க. அரியமங்கலம் பக்கம்னா குப்பக் கிடங்கு எந்தத் திசைல இருக்கு, காத்து எப்பப்ப இந்தப் பக்கம் அடிக்கும்னும் கேட்டுக்கோங்க.

வாடகைக்கு இல்ல, வீடு வாங்கத் தான் வரோம்னு சொல்றவங்க ஸ்ரீரங்கத்துல அடிமனை பிரச்சனைய, அதாவது வீடு நிக்குற மண்ணு யாருதுங்குற சண்டைய, தெரிஞ்சிக்காம கால வைக்காதீங்க. கோயில சுத்தி நூத்துக்கணக்கான ஏக்கர் கோயில் நெலம்னு அறநிலையத்துறை சொல்லுது, தலமுறையா குடியிருக்குறவங்க எங்க நெலம்னு சொல்றாங்க, பல எடத்துல வித்து வாங்கி பத்திரம் பதிய முடியாம கெடக்கு. வீடு அழகா இருக்கும், வெல மலிவா இருக்கும், பதிவு ஆபீஸ்ல போய் நிக்கும் போது தான் தெரியும். உள்ளூர் வக்கீல் ஒருத்தர வச்சு சர்வே நம்பர பாத்துட்டு பேசுங்க.

பிடிக்காத ஒண்ணையும் சொல்லிடுறேன். வீடு பாக்க போனா பேர் கேட்ட அடுத்த நிமிஷம் எந்த ஊருன்னு கேப்பாங்க, அது ஊர தெரிஞ்சிக்குறதுக்கு இல்ல. சைவம் மட்டும்னு போர்டுலயே போடுறவங்க பரவாயில்ல, சில பேர் எல்லாம் பேசி முடிச்சிட்டு மறுநாள் போன் பண்ணி தம்பிக்கு கல்யாணம், வீடு எங்களுக்கே வேணும்னுவாங்க. எங்க வீட்டுக்காரரோட வேல செய்ற ஒரு முஸ்லிம் தம்பி ஒரு வீட்டுக்கு போய், காலி இல்லன்னு சொல்லி திரும்பி வந்திருக்கான், மறுநாளே அதே வீட்ட எங்களுக்கு காலியா இருக்குன்னு சொன்னாங்க. நாங்க அந்த வீட்ட எடுக்கல. சென்னைலயும் இது இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அங்க வீடு நெறைய, இங்க ஒரு தெருவுக்கு ரெண்டு தான் காலியா இருக்கும், அதனால வலி கூட.

ஸ்கூல் மாத்துறவங்களுக்கு ஒரே ஒரு டிப். டிசி வாங்குனா மட்டும் பத்தாது, பழைய ஸ்கூல்ல எமிஸ்ல (கவர்மென்ட்டோட மாணவர் பதிவு வெப்சைட்) புள்ளைய காமன் பூலுக்கு, அதாவது வேற ஸ்கூல் எடுத்துக்குற மாதிரி பொதுப் பட்டியலுக்கு, விட்டாங்களான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. விடலைன்னா இங்க புது ஸ்கூல்ல பேர் ஏறாது, நீங்க 320 கிலோமீட்டர் தள்ளி இருந்துட்டு லேண்ட்லைனுக்கு அடிச்சிட்டே இருக்கணும். ரேஷன் கார்டு, கேஸ், ஆதார் அட்ரஸ் எல்லாம் ஆன்லைன்லயே மாத்தலாம், கேஸ மட்டும் மொத வாரமே முடிச்சிடுங்க.

சம்பளம்? கம்மி தான், மறைக்க ஒண்ணும் இல்ல. நவல்பட்டுல எல்காட் ஐடி பார்க் இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா கம்பெனி வருது, ஆனா ஒரு வேல போனா அடுத்த தெருவுல இன்னொண்ணுங்குற சென்னை நெலம இங்க இல்ல. துவாக்குடி பக்கம் பேப்ரிகேஷன் யூனிட் எல்லாம் பெல்லுக்கு ஆர்டர் இருக்கா இல்லையாங்குறத பொறுத்து தான் மூச்சு விடும். நான் பழைய சென்னை வேலையவே வீட்டுல இருந்து பாக்குறேன், அந்த மாதிரி ஒருத்தர் சம்பளமாவது வெளிய இருந்து வந்தா நிம்மதியா மாறலாம். வீட்டுல இருந்து வேல பாக்குறவங்க இன்வெர்ட்டர் கண்டிப்பா போடுங்க, மராமத்துக்குன்னு மாசத்துல ஒரு நாள் காலைல கட் பண்ணா சாயங்காலம் தான் கரன்ட் வரும், மொத நாள் பேப்பர்ல எந்த ஏரியான்னு போடுவாங்க, நம்ம தெரு பேர் இருக்கான்னு தேடுறதே ஒரு வேலையாயிடும்.

சென்னைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தா ரயில் தான். பஸ்ஸு அந்த முனைல கிளாம்பாக்கம், இந்த முனைல 2025லேர்ந்து பஞ்சப்பூர், ரெண்டு பக்கமும் ஊருக்கு வெளிய எறக்கி விட்டுடுது, நடுவுல இருக்குற அஞ்சாறு மணி நேரத்த விட ரெண்டு முனைலயும் வீடு போய் சேர்றது தான் அலுப்பு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி படுத்தா காலைல எழும்பூர். ஆனா வெள்ளிக்கிழம, ஞாயித்துக்கிழம டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் தொறந்த அன்னிக்கே போட்டு வச்சிடுங்க, போகலைன்னா கேன்சல் பண்ணிக்கலாம்.

ஊருக்குள்ள சுத்துறதுக்கு டவுன் பஸ் நல்லாவே இருக்கு, ஸ்ரீரங்கம், சத்திரம், ஜங்ஷன் போற 1-ம் நம்பர் ஒண்ணு போனா ஒண்ணு வந்துட்டே இருக்கும். கவர்மென்ட் டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்ல, ஆனா இங்க பிரைவேட் டவுன் பஸ்ஸும் ஓடுது, பாட்டு சத்தத்த கேட்டு ஏறிட்டா காசு குடுக்கணும். எங்க மாமியார் கண்ண மூடிட்டே கவர்மென்ட் பஸ் எதுன்னு சொல்ற அளவுக்கு தேறிட்டாங்க.

அப்புறம் காலண்டர். சென்னைல நமக்கு திருவிழான்னா லீவு, இங்க திருவிழான்னா ரோடு. மார்கழில வைகுண்ட ஏகாதசி, மாசி பங்குனில சமயபுரம் பூச்சொரிதல், சித்திரைல தேர், ஆடி 18க்கு காவேரி கரைல அம்மா மண்டபம் படித்துறை, தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரம் என்.எஸ்.பி. ரோடு கடைத்தெரு, இந்த நாளுக்கெல்லாம் வீடு மாத்துறது, லாரி வர சொல்றது, ஆபரேஷனுக்கு நாள் குறிக்குறது எதுவும் வேண்டாம். சமயபுரம் தேருக்கு மஞ்சத் துணி கட்டி ராத்திரி பகலா நடந்து போறவங்கள பாத்தா வண்டிய மெதுவா ஓட்ட தான் தோணும், ஊரே தண்ணி பந்தல் வச்சிருக்கும், ஹார்ன் அடிச்சா மொறைப்பாங்க, மொறைக்கணும் தான்.

செலவு கொறையுமான்னா வாடக கொறையும், காய் கொறையும், காந்தி மார்க்கெட் காலைல போனீங்கன்னா, இல்ல ஞாயித்துக்கிழம பொன்மலை சந்தைக்கு போனீங்கன்னா பை கிழியும். ஆனா ஸ்கூல் பீஸ் சென்னைய விட ரொம்பலாம் கொறையல, ஆஸ்பத்திரியும் அப்படித்தான். புது ஊர்ல மெயின் கார்டு கேட் பக்கம் போறப்பெல்லாம் மைக்கேல் கடைல ஐஸ்கிரீம், சின்ன கடை வீதில புடவைன்னு நாமளே ஒரு செலவு கண்டுபிடிச்சிக்குவோம், அதையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

வீடு பாக்க எந்த மாசம் வரட்டும்னு கேட்டா நான் ஆடின்னு தான் சொல்லுவேன். ஆடிலயும் மார்கழிலயும் யாரும் குடி போக மாட்டாங்க, காலியா இருக்குற வீடு அப்படியே கெடக்கும், ஓனருக்கு ரெண்டு மாச வாடக போயிடுமோன்னு கை நடுங்கும். அந்த நேரத்துல போய், ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சுறோம், டோக்கன் அட்வான்ஸ் இப்பவே தரோம், வாடகைல ஆயிரம் கொறைங்க, பெயின்ட் அடிச்சு குடுங்கன்னு பேசுங்க, நடக்கும். கூடவே ஆடிக் காத்துல எந்த ஜன்னல் கதவு பொருந்தலன்னும் ஓனர் முன்னாடியே அது அடிச்சு காட்டிடும், அதையும் சரி பண்ணி குடுக்க சொல்லலாம்.